மாமா சிப்பி அறுத்த கேபின்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை வாசிக்கிற யாராவது எங்கள் ஊர்ப் பக்கம் போனால், என் உம்மாவிடமோ வாப்பாவிடமோ இதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் வாசிக்கிற பழக்கம் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஷார்ஜாவில் என்னோடு வளர்ந்தவர்கள் இப்போது எங்கெங்கோ இருக்கிறீர்கள். காதோரம் நரைத்திருக்கும். இருந்தாலும் ரோலா பக்கத்துப் பழைய கட்டடங்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு ஃபிளாட்டுக்குள் இரண்டு குடும்பம், நடுவில் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்முவோம். ஹாலில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ பாய் விரித்துப் படுத்திருப்பார். எல்லார் வீட்டு ஹாலிலும் அப்படி ஓர் ஆள் உண்டு. எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர் என் மாமா, உம்மாவின் கடைசித் தம்பி.

உங்கள் மாமாக்கள் சிமெண்டும் பெயிண்டுமாக வீடு வந்தார்கள். என் மாமா மினுங்கிக்கொண்டு வருவார். புருவத்தில், காது மடலில், கை மயிரில் எல்லாம் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் அது ஒரு பக்கம் ரோஸாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் தெரியும். நான் ஓடிப்போய் அவர் கையைத் தடவி என் கன்னத்தில் பூசிக்கொள்வேன். "மருமவளே, கொஞ்சம் மிச்சம் வையி. நான் மாப்பிள்ளையாகையில பூசிக்கிறணும்" என்பார்.

அவர் வேலை செய்தது ஒரு சிரியாக்காரரின் பட்டறையில். சனையா என்று எல்லோரும் சொல்வோமே, அந்தத் தொழிற்பேட்டையில், டயர் கடைகளுக்கும் ரேடியேட்டர் கடைகளுக்கும் நடுவில் இருந்தது. கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கிற பெட்டகம், நிலைக்கண்ணாடிச் சட்டம், நாற்காலி, எல்லாம் டமாஸ்கஸ் பாணியில் செய்வார்கள். வாங்குகிறவர்கள் உள்ளூர் அரபிகள். சிரியாக்காரரை எல்லாரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். தொந்தியும் வெள்ளை மீசையுமாக, காதில் பென்சில் சொருகியிருப்பார். இந்தியையும் அரபியையும் ஒரே வாயில் போட்டு மெல்லுவார்.

வாப்பா ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் ஏசி மெக்கானிக். வியாழக்கிழமை சாயங்காலம் டூட்டி முடிந்து மாமாவைக் கூட்டிவரப் போகும்போது பிக்கப்பில் என்னையும் ஏற்றிக்கொள்வார். அப்படிப் பார்த்ததுதான் அந்தப் பட்டறை. இப்போதும் எனக்கு மரம் என்றால் அந்த மரங்கள்தான். வால்நட், எலுமிச்சை, ரோஸ்வுட் என்று நிறம் நிறமான மரங்களைப் ஈர்க்கு மாதிரி மெலிசாக இழைத்து, கட்டாகச் சேர்த்து, வச்சிரப் பசை தடவி, நூலால் இறுக்கிச் சுற்றிக் காய வைப்பார்கள். காய்ந்த கட்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே ஒரு நட்சத்திரம் இருக்கும். அடுத்த வெட்டிலும் அதே நட்சத்திரம். அப்பளம் கனத்தில் அதைச் சீவிச் சீவி எடுத்துப் பெட்டகத்தின் மேல் ஒட்டுவார்கள். வச்சிரம் காய்கிற வாடை பாயா கொதிக்கிற வாடை மாதிரி இருக்கும். எனக்குப் பசிக்கும்.

ஆனால் காசு கொடுக்கிறவர்கள் கண் போவது சிப்பியின் மேல்தான். மரத்தில் பூவும் கொடியுமாகப் பள்ளம் தோண்டி, ஓரத்தில் ஈயக் கம்பி பதித்து, நடுவில் முத்துச்சிப்பியின் ஓட்டை வெட்டி உட்காரவைப்பார்கள். சிப்பி அறுப்பதும் சாணை பிடிப்பதும் மாமாவின் வேலை. கார்பெண்டர் விசாவில் வந்தவர்தான். விரல் பதமாக இருக்கிறது என்று உஸ்தாத் அவரைச் சாணைக்கல் முன் உட்கார வைத்துவிட்டார்.

முதலில் எல்லாம் ஒரே கூடத்தில்தான் நடந்தது. ஒரு தடவை பாலிஷ் ஈரமாக இருந்த பெட்டகத்தின் மேல் சிப்பித் தூள் பறந்து ஒட்டிவிட்டது. மறுபடி தேய்த்து, மறுபடி பாலிஷ் போடவேண்டி வந்தது. உஸ்தாத் தலையில் கை வைத்துக்கொண்டார். கூடத்தின் மூலையில் அலுமினியத்தில் ஒரு கேபின் அடித்து, மாமாவையும் சாணைக்கல்லையும் அதற்குள் அனுப்பினார். கோடை வந்ததும் அது அடுப்பானது. அப்போது வாப்பாதான், யாரோ மாற்றிப்போட்ட ஒரு ஜன்னல் ஏசியைக் கொண்டுபோய்ச் சும்மாவே மாட்டிக் கொடுத்தார்.

வாப்பாவின் வேலை சுத்தமான வேலை. நான் பக்கத்தில் நின்று ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன். ஏசியைச் சுற்றி ஸ்பாஞ்சு வைத்தார். அலுமினியம் சேருகிற இடமெல்லாம் சிலிக்கான் இழுத்தார். மேலே எக்சாஸ்ட் ஃபேனுக்கு என்று விட்டிருந்த ஓட்டையைப் பலகை வைத்து அடைத்தார். ஏசியின் முகத்தில் வெளிக்காற்றுக்கு ஒரு சின்ன விசை இருக்குமே, அதையும் மூடினார். "குளுருங்கிறது கோழிக்குஞ்சு மாதிரி. கொஞ்சம் சந்து கெடச்சாப் போதும், ஓடிப்போயிரும்" என்பது வாப்பாவின் பேச்சு. வேலை முடிந்ததும் கதவைச் சாத்தி, இடுக்கில் கையை வைத்துப் பார்த்தார். "ஒரு நூல் வெளிய வரல மாப்ள. இனி நீ ராஜா."

"தனி ரூமு, தனி ஏசி. ஊர்ல சொன்னா நம்ப மாட்டானுவ மச்சான்" என்றார் மாமா. அதுவரை மூக்கில் கட்டியிருந்த துணியையும் ஆணியில் மாட்டிவிட்டார். ஏசி அறைக்குள் அது எதற்கு.

மாமாவுக்கு சிகரெட் பழக்கம் உண்டு. உஸ்தாதுக்கு அதைவிட. பாலிஷும் தின்னரும் இருக்கிற இடம் என்பதால் உள்ளே பற்ற வைக்கக் கூடாது. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை உஸ்தாத் கேபின் கண்ணாடியைத் தட்டி, "யல்லா" என்பார். இரண்டு பேரும் வாசலில் போய் நின்று ஊதுவார்கள். எவ்வளவு வெயிலானாலும் போவார்கள். மாமா சாணைத் தூளைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டு, நெஞ்சு விரிய ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் சிகரெட்டை எடுப்பார். நான் அவர்கள் நிழலில் நின்று பெப்சி குடிப்பேன்.

அந்தக் கோடையில்தான் மாமாவுக்கு ஊரில் பெண் பேசினார்கள். நல்ல இடம். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் அங்கே போய் வாழவேண்டும். அதனால் பெண் வீட்டார் ஆளை அலசிப் பார்ப்பார்கள். போனில் கார்டு தேய்த்துப் பேசுகிற காலம். காசு கரைகிற அவசரத்திலும் பெண்ணின் உம்மா கேட்ட முதல் கேள்வி, "புள்ளைக்குப் பழக்கவழக்கம் ஏதும் உண்டா?" என் உம்மா கொஞ்சமும் தயங்காமல், "என் தம்பி சோடாகூடக் குடிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்த கையோடு மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பொய்க்காரி ஆக்கிட்டல்ல? இப்ப அத மெய்யாக்கு."

"லாத்தா, விட்டுர்றேன், விட்டுர்றேன். நிக்காஹுக்கு முந்தி விட்டுர்றேன்."

"முந்தி, பிந்தி எல்லாம் வாணாம். இன்னைக்கு. என் புள்ள தலையில கைய வையி."

மாமா சிரித்துக்கொண்டேதான் என் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் சொரசொரப்பு எனக்கு இன்னும் தெரிகிறது. ஆனால் வாக்கு என்றால் மாமாவுக்கு வாக்குதான். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன்.

அடுத்த வாரம் நான் பட்டறையில் இருக்கும்போது உஸ்தாத் கண்ணாடியைத் தட்டினார். மாமா உள்ளிருந்தபடியே தலையாட்டி மறுத்தார். உஸ்தாத் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"க்யா ஹபீபி? சிகரெட் மாஃபி? பீவி போலா?"

"பீவி நை உஸ்தாத். பஹன்."

சிகரெட் வேண்டாமா, பெண்டாட்டி சொன்னாளா என்று இவர் கேட்க, பெண்டாட்டி இல்லை, அக்கா என்றார் மாமா. உஸ்தாத் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "பஹன்! வல்லா, பஹன் ஜ்யாதா முஷ்கில்!" அக்கா என்றால் இன்னும் கஷ்டம் என்று சிரித்துக்கொண்டே தனியாக வெளியே போனார். மாமா கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். ஏசி வீணாகக் கூடாதே.

வாசலில் நிற்கிற நேரமெல்லாம் இப்போது வேலையாக மாறியது. சிப்பி மளமளவென்று அறுபட்டது. உஸ்தாத் வாப்பாவிடம், "உன் மச்சான் ஆள் இல்லை, மெஷின்" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அதை வாப்பா வீட்டில் வந்து சொல்ல, உம்மா முகம் மலர்ந்துபோனது. "சிகரெட்ட விட்டான், பாத்தீங்களா, மனுசன் ஆயிட்டான்."

இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஹாலிலிருந்து வருகிற ஏதோ ஒரு சத்தமாகத்தான் முதலில் இருந்தது. பிறகு மாடி ஏறும்போது நடுவில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் ஏதாவது கதை கேட்பார். "மருமவளே, இன்னைக்கு ஸ்கூல்ல யாருகூட சண்ட?" நான் நீளமாகச் சொல்லச் சொல்ல அவருக்கு நல்லது. அப்போது அது எனக்குத் தெரியாது. என் கதைக்கு ஆசைப்பட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

உம்மா கண்டுபிடித்தது வேறொன்றை. சட்டையைத் துவைக்கப் போடும்போது மோந்து பார்த்தார். கருகின வாடை. முடி பொசுங்கினால் வருமே, அது.

"சத்தியம் பண்ணிட்டு எந்த மூலையில நின்னு ஊதுற?"

"லாத்தா, இது சிப்பி வாடை. சாணையில வச்சா இப்படித்தான் பொசுங்கும்."

"யாருகிட்ட? கடக்கரையில பொறந்தவகிட்டயே சிப்பிக் கதையா? சிப்பிக் குவியல்ல ஏறி வெளயாடுனவ நானு. கவுச்சி அடிக்கும், உப்பு அடிக்கும். கருகல் எங்கருந்துடா வரும்?"

"அது பச்சச் சிப்பி லாத்தா…"

"இருமலு வேற என்னத்துக்கு வருது? அதுவும் சிப்பியா?"

மாமா என்னைப் பார்த்தார். என் தலையைத்தான் பார்த்திருக்க வேண்டும். போய்ப் படுத்துக்கொண்டார். எங்கள் ஊரே சிப்பியில் பிழைத்த ஊர். அந்த ஊர்க்காரியிடம் சிப்பியைப் பற்றிப் பேச ஆளில்லை. உம்மா தொழுகைப் பாயில் அழுதார். தம்பி பொய் சொல்லப் பழகிவிட்டான் என்று அழுதார்.

வாப்பாவுக்கும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. கேபினில் குளிர் குறைகிறது என்று மாமா சொல்லவும், ஒரு வியாழக்கிழமை டூல்ஸோடு போனோம். வாப்பா ஏசியின் முன்பக்கத்தைக் கழற்றி ஃபில்டரை உருவினார். வலையே தெரியவில்லை. ஈரச் சுண்ணாம்பு அப்பியது போல் கனமாக இருந்தது. வாசல் குழாயில் வைத்துக் கழுவினார். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஓடி, வெயிலில் மினுங்கிக்கொண்டே மணலில் போனது. எனக்கு அது அழகாக இருந்தது.

"பாவம்யா இந்த ஏசி. இவ்வளவு தூளத் தின்னா அது எப்படி மூச்சு விடும்?" என்றார் வாப்பா.

மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அவர் சுவரைப் பிடித்துக் குனிந்தார். வாப்பா முதுகைத் தட்டிக் கொடுத்து, "அந்தச் சனியனக் கொற மாப்ள" என்று அடங்கின குரலில் சொன்னார். அவரும் உம்மாவைத்தான் நம்பினார். பிறகு ஏசியின் மோட்டார் கெடாமலிருக்க ஃபில்டருக்கு முன்னால் இன்னும் ஓர் அடுக்கு ஸ்பாஞ்சு வைத்து, கிளிப் போட்டு இறுக்கினார். நான் கிளிப் எடுத்துக் கொடுத்தேன்.

விசா புதுப்பிக்கிற நேரம் வந்தது. உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். நம் அப்பாமார்கள் எல்லாரும் அந்த எக்ஸ்ரே தினத்துக்கு முன்னால் ஒரு மாதிரி வாயடங்கிப் போவார்கள். நெஞ்சில் ஒரு நிழல் தெரிந்தால் போதும், காசநோய் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆறின தழும்பாக இருந்தாலும் விசா கிடையாது. அதற்கு அங்கே ஒரே சொல்தான். அன்ஃபிட்.

மாமா எக்ஸ்ரே எடுக்கப் போன அன்று உம்மா நெய்ச்சோறு ஆக்கி வைத்திருந்தார். வந்தபின் எல்லாருமாகச் சாப்பிடுவோம் என்று. நிக்காஹுக்குத் தேதி குறிக்க அந்த விசா முத்திரை ஒன்றுதான் பாக்கி. மாமா வந்தார், சாப்பிட்டார். மூன்றாம் நாள் போன் வந்து மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி எக்ஸ்ரே. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. ஆள் வீட்டுக்கு வரவில்லை.

பட்டறைக்கு விசா வேலை பார்த்துக் கொடுக்கும் அரபி ஆள் ஒருவர் உண்டு. வாப்பா அவர் பின்னாலேயே அலைந்தார். கடைசியில் அவர் கையைத் தட்டித் துடைத்துக் காட்டினாராம். "கலாஸ்." முடிந்தது. வாப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலில் மாமாவின் பாய்மேல் உட்கார்ந்தார். உம்மா அலறினார். "எழும்புங்க! அதுல உக்காராதீங்க!"

மாமாவுக்குக் காசநோய் என்று அந்த அலறலில்தான் எனக்கு முதலில் புரிந்தது. பாயையும் தலையணையையும் உம்மா பெரிய கறுப்புப் பைக்குள் திணித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். மாமாவின் தட்டையும் டம்ளரையும் போட்டார். தரையை டெட்டால் விட்டுக் கழுவினார். கழுவும்போது அழுதுகொண்டே கழுவினார். அன்பில்லாமல் செய்த காரியம் இல்லை அது. வீட்டில் பிள்ளை இருக்கிறதே என்ற பயம்.

இரண்டொரு நாளில் உஸ்தாத் வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அந்த ஒரே தடவை. கதவருகில் வரவில்லை, மாடிப்படியிலேயே கைக்குட்டையால் வாயை மூடி நின்றார். அவருக்கும் பயம். கையில் ஒரு சின்னப் பெட்டி, நகை வைக்கிற அளவுக்கு. மேலே எட்டு முனை நட்சத்திரம், சுற்றிச் சிப்பிக் கொடி. "உஸ்கா ஷாதி கே லியே" என்றார். அவன் கல்யாணத்துக்கு. சிப்பியெல்லாம் மாமாவே அறுத்ததாம். ஓய்வு நேரத்தில் தன் வருங்காலப் பெண்டாட்டிக்காகச் செய்துகொண்டிருந்ததாம். பாக்கியை உஸ்தாத் முடித்திருக்கிறார். படியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் எடுக்க ஓடினேன். உம்மா என் முடியைப் பிடித்து இழுத்தார். "தொடாத! அவன் கை பட்டது." அது படியிலேயே கிடந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது இருந்தது. வரும்போது இல்லை. துப்புரவு ஆள் எடுத்தாரா, யார் எடுத்தது, தெரியாது. பிற்காலத்தில் எத்தனையோ ஊரில் அந்த மாதிரிப் பெட்டிகளைக் கண்ணாடிக்குள் வைத்து விற்பதைப் பார்த்துவிட்டேன். எதையும் வாங்கவில்லை.

மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்தே ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வாப்பா மட்டும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். "கை காட்டுனான். சிரிச்சான்" என்றார்.

பிறகு ஒரு நாள் வாப்பா வேலைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கேபினில் இப்போது புதிதாக ஒரு நேபாளத்துப் பையன் உட்கார்ந்திருக்கிறானாம். உள்ளே முழுக்க டெட்டால் தெளித்துவிட்டார்களாம். "ஏசி இன்னும் நல்லா இழுக்குது" என்றார். அந்தப் பையனின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அவனை நான் நினைக்காத வருடம் இல்லை.

ஊரில் பெண் வீட்டார் சேதி கேட்டதும் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். மாமாவுக்குக் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். மூத்திரம் சிவப்பாகப் போகிற மாத்திரை. சளியில் கிருமி இல்லை என்று வந்தபோதும் கொடுத்தார்கள். ஒரு சுற்று முடிந்தது, குறையவில்லை, இன்னொரு சுற்று. அக்காள் தங்கைகள் வீடு எதிலும் அவர் தட்டை மற்றவர்கள் தட்டோடு சேர்க்கவில்லை. மாடியறையில் இருந்தார். நாங்கள் லீவில் போகும்போது அவர் மேலேயிருந்தும் நான் முற்றத்திலிருந்தும் கத்திப் பேசுவோம். பிறகு கத்த அவருக்கு மூச்சில்லை.

நான் திருச்சியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோது அவரை மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். துணைக்கு நான்தான் போனேன். அங்கே ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மாமா சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இது காசநோயே இல்லை, சிப்பித் தூள் என்றார். சிகரெட்டால் வந்ததா என்று நான் கேட்டேன். அதுவும் நல்லதில்லைதான், ஆனால் இது அதனால் இல்லை, அடைத்த அறையில் அந்தத் தூளைச் சுவாசித்ததால் என்றார். அறைக்குக் காற்றோட்டம் இருந்ததா, நடுவில் வெளியே போவீர்களா என்றெல்லாம் கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் "இல்ல சார்" என்று மெதுவாகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். நான் போனை எடுத்தேன். உம்மாவிடம் சொல்லவேண்டும், உங்கள் தம்பி சத்தியத்தை மீறவேயில்லை என்று கத்திச் சொல்லவேண்டும் என்று நம்பரை அழுத்தத் தொடங்கினேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வை அத."

"மாமா, அவங்க உங்கள…"

"மருமவளே, யோசி. அந்த ரூம அடச்சது யாரு? வெளிய போவ விடாம சத்தியம் வாங்குனது யாரு? இத அவங்க காதுல போட்டா லாத்தா இருப்பாளா? மச்சான் இருப்பாரா?" மூச்சு வாங்க நிறுத்தினார். "டிபியாவே இருக்கட்டும். சிகரெட்டுனாலயே இருக்கட்டும். என்ன ஏசுறதுல அவளுக்கு ஒரு ஆறுதல் இருக்கு. அத எடுத்துராத."

"நீங்க பொய்க்காரனாவே இருந்துருவீங்களா?"

"இருந்துட்டேனே, இவ்வளவு நாளு. என்னா கொறஞ்சு போச்சு?"

அடுத்த மழைக்காலத்தில் மாமா மவுத்தானார். நாற்பது ஆகவில்லை.

வருடா வருடம் அவர் பேரில் வீட்டில் கத்தம் ஓதிச் சோறு போடுவோம். வாப்பா நரைத்துத் தளர்ந்து திரும்பி வந்துவிட்டார். வாசலில் நின்று எல்லாரையும் உள்ளே அழைப்பார். இந்த வருடமும் சொந்தக்காரப் பையன்கள், இளவட்டங்கள், பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றி நால்வர் நால்வராக உட்கார்ந்திருந்தார்கள். உம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, எப்போதும்போல ஆரம்பித்தார்.

"ஒங்க மாமன் தங்கமான ஆளுடா. சிகரெட்டு ஒண்ணுதான் கொண்டு போயிட்டு. நான் சத்தியம் வாங்குனேன், கேக்கலியே. ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிச்சான். சட்டைய மோந்து மோந்து நான் கண்டுபுடிச்சேன். அப்பவே அடிச்சாவது நிறுத்திருந்தா இன்னைக்குப் புள்ளகுட்டியோட இருந்திருப்பான்." பையன்கள் தலை குனிந்தார்கள். ஒருவன் மட்டும் நம்பாத மாதிரிச் சிரித்தான்.

உம்மா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நீ அங்கதானே இருந்த. குடிச்சானா, இல்லியா?"

வாப்பாவும் வாசலிலிருந்து என்னைப் பார்த்தார். என் கையில் நெய்ச்சோற்றுத் தட்டு சூடாக இருந்தது.

"குடிச்சார்மா" என்றேன். "நான் பாத்தேன்."